1911 வடிவக் கைத்துப்பாக்கியின் மரமாதிரி: யாழ்ப்பாணக் குறும்படம் ஒன்றில் எடுத்த முடிவுகளும் நேர்ந்த தவறுகளும்

பின்னணி

வலிகாமம் வடக்கில் ஒரு பழைய நாற்சார் வீட்டை வைத்து 22 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்பட்டது. கதை 1943இல் நடக்கிறது. பலாலியில் பிரித்தானிய வான்படை அமைத்த விமானத்தளத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன், அவனது வீட்டில் ஓரிரவு தங்கும் வான்படை அதிகாரி ஒருவர், மேசையில் வைக்கப்படும் ஒரு கைத்துப்பாக்கி. துப்பாக்கி படத்தில் மொத்தம் நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவே தெரிகிறது. ஒரேயொரு முறை சுடப்படுகிறது.

குழுவில் ஒன்பது பேர். உண்மைத் துப்பாக்கி எந்த நிலையிலும் வேண்டாம் என்பது முதற்கூட்டத்திலேயே முடிவாயிற்று. வெற்று ரவையும் வேண்டாம், விளையாட்டுக் கடைப் பிளாஸ்ரிக் துப்பாக்கியும் வேண்டாம் என்றார்கள். முதலாவது ஆபத்து. இரண்டாவது அண்மைக் காட்சியில் ஒட்டு வரியும் மினுக்கமும் தெரிந்து காட்சியைக் கெடுக்கும். எனவே மரத்தில் செய்வது என்று தீர்மானித்துத் தச்சர் ஒருவரிடம் பேசினார்கள்.

இங்கு பதிவு செய்யப்படுபவை மூன்று: எந்த வடிவம் என்று தெரிவு செய்தது, மாதிரியைச் செய்தது, படப்பிடிப்பின் மூன்றாம் நாள் ஒழுங்கையில் நேர்ந்த தவறு. மூன்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறது. 1911 என்று பெயர்பெற்ற அந்த அமெரிக்கக் கைத்துப்பாக்கியின் வடிவம் துப்பாக்கியைத் தொட்டறியாதவர்களுக்கும் தெரிந்த வடிவம்.

எந்தத் துப்பாக்கி?

கலை இயக்குநர் ஆறு பேரிடம் வெள்ளைக் கடதாசியைக் கொடுத்து "ஒரு பிஸ்டல் கீறுங்கோ" என்றார். ஐந்து பேர் கீறியது ஏறத்தாழ ஒரே உருவம்: மேலே நேரான செவ்வகம், பின்னால் மேலெழும் சுத்தியல், சற்றே சாய்ந்த பிடி. அது ஜோன் மோசஸ் பிறவுணிங் வடிவமைத்து, கோல்ற் நிறுவனம் செய்து, 1911 மார்ச் 29இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் உருவம். கீறியவர்களில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 1943இல் பிரித்தானிய அதிகாரி ஒருவரின் இடுப்பில் பெரும்பாலும் இருக்கக்கூடியது சுழலி, அதாவது ரிவோல்வர். .38 அளவு என்ஃபீல்ட் அல்லது பழைய .455 வெப்லி. கதையை எழுதியவர் சுழலியே சரி என்றார். இயக்குநருக்கு மனம் வரவில்லை. சுழலி மேசையில் கிடந்தால் பார்ப்பவர் அதைப் பழம்பொருளாகப் பார்ப்பார், அச்சம் வராது என்பது அவரது வாதம். காலப் பிழையோடு ஒரு படத்தை வெளியிடுவதைவிட அச்சத்தைக் கொஞ்சம் இழப்பது மேல் என்பதே சரியான நிலை. ஆனால் இரண்டில் ஒன்றை இழக்கவேண்டிய தேவை வரவில்லை.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கும் வான்படைக்கும் கோல்ற் நிறுவனம் இதே துப்பாக்கியை .455 தன்னியக்க ரவைக்கேற்பச் செய்து விற்றிருக்கிறது. அவற்றின் தொடரிலக்கம் ஆங்கில 'டபிள்யூ' எழுத்தோடு தொடங்கும். பலவற்றின் இடப்பக்கச் சட்டகத்தில் வான்படையின் எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். இரண்டாம் போரிலும் அவற்றில் சில வான்படையிடம் பாவனையில் இருந்தன. ஆகவே பலாலியில் இறங்கிய, வயதில் மூத்த வான்படை அதிகாரி ஒருவரிடம் அப்படி ஒன்று இருந்திருக்க முடியும். அதிகாரியின் வயது 28இலிருந்து 45ஆக மாற்றப்பட்டது. முன்னைய போரிலும் இருந்தவர் என்பதற்கு ஒரு வசனம் சேர்க்கப்பட்டது. துப்பாக்கிக்காகப் பாத்திரத்தை மாற்றியது இந்தப் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது.

சுடுவோர் ஏன் இதை இன்னும் வைத்திருக்கிறார்கள்

தயாரிப்பாளரின் மச்சான் அமெரிக்காவில் வாழ்பவர், உரிய அனுமதியுடன் இலக்குச் சுடும் போட்டிகளில் பங்குபற்றுபவர். இரண்டு காணொளி அழைப்புகளில் அவர் தந்த விளக்கமே மாதிரியின் தரத்தைத் தீர்மானித்தது. தோற்றத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கையைப் பற்றியே பேசினார்.

முதலாவது, விசை. பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் விசை ஓர் ஊசியில் மாட்டிச் சுழலும். 1911இல் அது தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் பின்னால் நகரும். விரல் அமுக்கும்போது குறி பக்கத்துக்கு இழுபடுவது குறைவு. நகரும் தூரமும் மிகக் குறைவு. அமெரிக்க இலக்குப் போட்டிகளில் .45 அளவுத் துப்பாக்கியின் விசை 3.5 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1.6 கிலோவுக்குக் குறையாத பாரத்தைத் தாங்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த எல்லைவரை இலேசாக்கியும் பாதுகாப்பாக இயங்குவது இந்த அமைப்பின் பலம்.

இரண்டாவது, பிடி. ரவைகள் ஒற்றை வரிசையில் அடுக்கப்படுவதால் பிடி மெல்லியது. சிறிய கைக்கும் விசை எட்டும். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகை சாய்வு. கையை நீட்டினால் குழல் தானாகவே பார்வைக்கோட்டுக்கு வரும்.

மூன்றாவது, பாரம். ரவையில்லாமல் 1.1 கிலோ. ஏழு ரவைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 கிராம், ஆகவே நிரப்பினால் 1.25 கிலோவரை. 14.9 கிராம் குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 250 மீற்றர் வேகத்தில் போகும்போது வரும் எதிர்விசையை அந்த இரும்புப் பாரம் விழுங்கிவிடுகிறது. கைக்கு வருவது அடி அன்று, ஒரு தள்ளல்.

நான்காவது, உதிரிப்பாகம். 1985இல் அமெரிக்கப் படை இத்தாலியப் பெரெற்றா துப்பாக்கிக்கு மாறிய பின்னும் பல நாடுகளில் பல நிறுவனங்கள் இதே வடிவத்தைச் செய்கின்றன. பிலிப்பைன்சில் மலிவான வகைகள் செய்யப்படுகின்றன. சுருள்வில், குழலின் முன்வளையம், பிடித்தகடு எல்லாவற்றையும் வீட்டு மேசையிலேயே கழற்றிப் பூட்டலாம். ஒற்றை வரிசை ரவைக்கூட்டுத் துப்பாக்கிகளுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு உண்டு, அதில் மிகப் பெரும்பாலும் இவைதாம். ஏற்றுக்கொள்ளப்படுமுன் 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் 6,000 ரவைகள் சுட்டும் ஒரு தடையும் வரவில்லை என்ற பதிவை இதைச் சுடுவோர் இன்றும் பெருமையோடு சொல்லுவார்கள்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தவர் அறியவேண்டிய ஒரு செய்தி உண்டு. இரண்டாம் போருக்காக இந்தத் துப்பாக்கியைச் செய்து பார்க்கும்படி தையல் இயந்திரம் செய்த சிங்கர் நிறுவனத்திடமும் அமெரிக்க அரசு கேட்டது. சிங்கர் செய்தவை 500 மட்டுமே. இன்று சேகரிப்போர் மிக அதிக விலை கொடுப்பது அவற்றுக்குத்தான். எங்கள் வீடுகளில் அம்மம்மாமார் காலால் மிதித்த இயந்திரத்தின் அதே பெயர். படத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு சிங்கர் இயந்திரம் தெரிவது தற்செயல் அன்று.

முதல் மாதிரி: நான்கு பிழைகள்

தச்சருக்கு ஒரு பக்கவாட்டுப் படமும் அளவுகளும் கொடுக்கப்பட்டன: முழு நீளம் 216 மில்லிமீற்றர், குழல் 127, உயரம் 140, ஸ்லைட்டின், அதாவது சுடும்போது பின்னால் போய்வரும் மேற்பாகத்தின், அகலம் 23. ஒரே மகோகனிக் கட்டையில், நார் குழலின் வழியே ஓடும்படி அவர் செதுக்கினார். ஐந்து நாளில் வந்தது. பார்வைக்கு அருமை. பாரம் 190 கிராம்.

முதல் பிழை வகையில். தேடியெடுத்த படம் 1911 ஏ1 வகை. 1920களின் நடுப்பகுதியில் திருத்தப்பட்ட வடிவம் அது: பிடியின் பின்புறம் கீழே வளைந்து புடைத்திருக்கும், விசை குட்டை, விசைக்குப் பின்னால் விரலுக்காகச் சட்டகத்தில் இரு பக்கமும் வெட்டுப்பள்ளம், பிடிப்பூட்டின் (பிடியின் பின்புறம் உள்ளங்கை அமுக்கும் பாதுகாப்புப் பாகத்தின்) வால் நீளம். கதைக்கு வேண்டிய பழைய வகையில் பின்புறம் தட்டை, விசை நீளம், வெட்டுப்பள்ளம் இல்லை, வால் குட்டை. வால்நட் பிடித்தகட்டில் ஆணித்தலையைச் சுற்றி வைரவடிவம் விடப்பட்டிருக்கும். தெரியாதவருக்கு எல்லாம் ஒன்று. தெரிந்தவர் முதற்பார்வையிலேயே பிடிப்பார்.

இரண்டாவது, படம் இடவலம் மாறியிருந்தது. வெற்றுக்கோது வெளியேறும் வாய் வலப்பக்கம் மட்டுமே இருக்கவேண்டும். பெருவிரலால் அழுத்தும் பாதுகாப்பு நெம்பு இடப்பக்கம் மட்டும். மாதிரியில் இரண்டும் மாறிக் கிடந்தன. இணையத்தில் எடுக்கும் படத்தில் எழுத்து ஏதாவது தெரிகிறதா, அது நேராக வாசிக்கப்படுகிறதா என்று பார்ப்பதே இதற்கான எளிய சோதனை. எழுத்தைத் துடைத்த படத்தை நம்பவே கூடாது.

மூன்றாவது, நார். மரத்தின் நார் குழலின் வழியே ஓடியதால் பிடியில் அது குறுக்கே விழுந்தது. ஒத்திகையில் மேசையிலிருந்து ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்ததும் விசைக்காப்பு வளையம் முறிந்தது. பிடியின் கழுத்திலும் கீறல் கண்டது.

நான்காவதும் பெரியதும் பாரம். நடிகர் அதை மேசையிலிருந்து எடுக்கும்போது கை துள்ளியது. பேனையை எடுப்பதுபோல எடுத்தார், நீட்டிய கை எந்தத் தயக்கமும் இல்லாமல் நின்றது. உண்மையில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தூக்குபவரின் மணிக்கட்டு முதலில் கொஞ்சம் தாழும், பிறகு நிமிரும். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் நடிப்பில் அது வரவில்லை. பாரம் இல்லாத பொருளைப் பாரமாகக் காட்டுவது மிகக் கடினமான நடிப்பு. அதை நடிகரிடம் விடாமல் பொருளிடமே விடுவது நல்லது.

இரண்டாவது மாதிரி

இம்முறை ஸ்லைட் தனி, பிடியோடு சேர்ந்த சட்டகம் தனி. ஒவ்வொன்றிலும் நார் அதனதன் நீளவழி. இரண்டையும் 8 மில்லிமீற்றர் மர ஆப்பு இரண்டால் இறுக்கிப் பசையிட்டார்கள். ஒட்டிய கோடு உண்மைத் துப்பாக்கியில் ஸ்லைட்டும் சட்டகமும் சந்திக்கும் கோட்டிலேயே விழுந்தது. அதை மறைக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. விசைக்காப்பு, சுத்தியல், பாதுகாப்பு நெம்பு மூன்றும் 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வெட்டி அரத்தால் தேய்க்கப்பட்டன.

பாரத்துக்குக் குருநகரில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கப்பட்டன. உருக்கி ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார். ஈய ஆவி நஞ்சு, வீட்டு அடுப்பில் செய்யக்கூடாத வேலை என்பதால் மறுக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, பிடிக்குள் குடைந்த 90 × 30 × 14 மில்லிமீற்றர் குழிக்குள் அடுக்கினார்கள். குண்டாகப் போட்டால் இடையில் வெற்றிடம் நின்று 260 கிராம் அளவே போகும். தகடாக அடுக்கியபோது 360 கிராம்வரை போயிற்று. மேலே இப்பொக்சிப் பசையூற்றி அடைத்தாயிற்று. தட்டியது வெளிமுற்றத்தில், கையுறையோடு. தட்டிய இடத்தை ஈரத்துணியால் துடைத்தார்கள்.

ஈயத்தைப் பிடியில் மட்டும் இட்டுப் பார்த்தபோது புதிய பிழை வந்தது. குழல்முனை மேலே எழும்பியது. உண்மைத் துப்பாக்கியின் பாரம் முன்னாலும் இருப்பதால் விரலில் தொங்கவிட்டால் விசைக்கு அருகே சமநிலை வரும். ஆகவே ஸ்லைட்டின் முன்பாதிக்குள் 12 மில்லிமீற்றர் தடிப்பும் 110 நீளமும் உள்ள இரும்புக்கம்பி ஒன்று இறக்கப்பட்டது, ஏறத்தாழ 100 கிராம். மொத்தம் 640 கிராம். அசலின் பாதிக்குச் சற்று மேல். இதுவே போதுமாக இருந்தது: கையின் தாழ்வு தானாக வந்தது, இடைவேளையில் நடிகரின் தோளும் நோகவில்லை.

குழல்வாய் 11 மில்லிமீற்றர் அகலத்தில் 8 மில்லிமீற்றர் ஆழம்வரை மட்டுமே குடையப்பட்டது. அதன்பின் கம்பி அடைத்து நிற்கிறது. ஊடுதுளை இல்லை, அசையும் பாகம் இல்லை. எவரும் எடுத்துப் பார்த்தவுடன் சுடாத பொருள் என்று உறுதிசெய்ய முடியவேண்டும் என்பது வடிவமைப்பு விதியாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிறகு இந்த விதி உதவியது.

நிறத்துக்கு 400ஆம் இலக்கச் சாண்ட்பேப்பர், பட்டி, மறுபடி சாண்ட்பேப்பர், மங்கற் கறுப்புப் பூச்சு இரண்டு தரம். முழுதாகக் காய்ந்ததும் பென்சிலுக்குப் போடும் காரீயத் தூளைப் பருத்தித் துணியில் தொட்டு விளிம்புகளில் தேய்த்தார்கள். பல ஆண்டு தோலுறைக்குள் போய்வந்த இரும்பின் சாம்பல் மினுக்கம் அப்படியே வந்தது. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கப்படும் காரீயம் உலகத்தரமானது, நாட்டுக்குள்ளேயே கிடைப்பது. இதற்காக வெளிநாட்டுப் பூச்சு வாங்கவேண்டியதில்லை. காரீயத்தின் மேல் ஒருபோதும் வார்னிஷ் பூசக்கூடாது. முதல் துண்டில் பூசிப் பார்த்ததும் இரும்பு மறைந்து பிளாஸ்ரிக் ஆகிவிட்டது.

சுத்தியல் அசையாததால் ஒரே அளவில் இரண்டு மாதிரிகள்: ஒன்றில் சுத்தியல் விழுந்த நிலை, மற்றதில் பின்னால் இழுபட்ட நிலை. பிடியின் அடியில் வளையம் வைத்து, பிரித்தானியச் சேவை வழக்கப்படி கழுத்துக்கயிறும் கட்டப்பட்டது.

சுடுவதை நடிப்பது

முதல் ஒத்திகைகளில் நடிகர் கல்லெறிவதுபோலத் துப்பாக்கியை முன்னால் தள்ளினார். சுடும்போது எதிர்விசை பின்னால் தள்ளும் என்பது மறந்துபோகிறது. முன்குறிக்கு அருகே தங்கூசி (நைலோன் நூல்) ஒன்றைக் கட்டி, கூரை வளையில் மாட்டி, இன்னொருவர் பின்னாலிருந்து எதிர்பாராத கணத்தில் மெல்லச் சுண்டினார். குழல்முனை எழும்பியது, கை தானாக அதை இறக்கியது. இருபது முறைக்குப் பிறகு தங்கூசி இல்லாமலும் அந்த அசைவு நின்றது. படப்பிடிப்பில் தங்கூசி பாவிக்கப்படவில்லை.

விசை அமுக்கும் விரல் காட்சியில் ஏறக்குறைய அசையக்கூடாது என்று மச்சான் சொல்லியிருந்தார். விசை பின்னால் போகும் தூரம் அவ்வளவு குறைவு. முழு விரலையும் மடக்கி இழுப்பது சுழலிக்கு உரியது.

அனுமதியும் அறிவித்தலும்

பொலிஸ் நிலையத்துக்குக் கடிதம் எழுதப்பட்டது. நாட்கள், நேரம், இடம், மாதிரிகளின் எண்ணிக்கை, செய்யப்பட்ட பொருள், இரு பக்கப் படங்கள், துப்பாக்கி வரும் காட்சியின் எழுத்துப்பிரதி, பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட பிரதி எப்போதும் பெட்டிக்குள். விதானையாருக்கும் (கிராம அலுவலருக்கும்) ஒரு பிரதி போயிற்று.

மாதிரிகள் பூட்டுள்ள பெட்டியில். குழல்முனைக்குச் சிவப்புத் துணி. எடுப்பவர் பெயரும் நேரமும் எழுதக் கொப்பி. பொறுப்பாளர் ஒருவர். இந்த ஏற்பாடு கடதாசியில் நன்றாகவே இருந்தது. இரண்டு ஓட்டைகள் இருந்ததை அப்போது எவரும் காணவில்லை. பொறுப்பாளரே மத்தியானச் சாப்பாட்டையும் பார்க்கவேண்டியிருந்தது. விதானையாருக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்னதாகும் என்று நினைத்தார்கள்.

மூன்றாம் நாள், ஒழுங்கை

அன்று சுடும் காட்சி பகல் 12.40க்கு முடிந்தது. பொறுப்பாளர் சாப்பாட்டுப் பார்சல்களை இறக்கப் படலைக்குப் போனார். சுத்தியல் பின்னால் நின்ற மாதிரி மேசையிலேயே இருந்தது. காட்சிக்காகச் சிவப்புத் துணி கழற்றப்பட்டிருந்தது. விளக்குப் பிடிக்க வந்த பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் நல்லாயிருக்கிறது என்று பின்படலையால் ஒழுங்கைக்குப் போய்க் கைத்தொலைபேசியில் தன்னைப் படமெடுத்தான்.

ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு எதிரே வந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆச்சி ஒருவர் அதைக் கண்டார். சத்தம் போடவில்லை. குழைக்கட்டு விழ, வேலியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். பேரன் ஓடிவந்து பார்த்துவிட்டு 119க்கு அழைத்தார். குழுவினர் விடயத்தை அறிந்தது அவர் அழைத்த பிறகுதான்.

அடுத்த அரை மணிநேரத்தில் செய்யப்பட்டவை சரியானவை. உதவி இயக்குநர் ஆச்சியை நிழலுக்குக் கொண்டுவரச் செய்து 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுத்தார். மாதிரிகள் இரண்டும் முற்றத்து மேசையில் வெள்ளைத் துணியின் மேல், குழல்முனை சுவரை நோக்க வைக்கப்பட்டன. பக்கத்தில் கடிதப் பிரதி. எல்லோரும் மேசையிலிருந்து விலகி, கைகள் தெரிய நின்றார்கள். ஏறத்தாழ 25 நிமிடத்தில் பொலிஸார் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தனர். மூத்தவர் மாதிரியைத் தூக்கிப் பார்த்தார். பாரம் அவரை ஒரு கணம் தயங்க வைத்தது. பிறகு குழல்வாயில் பேனைமுனையை விட்டுப் பார்த்தார். அடைப்பு உடனே தெரிந்தது. கடிதத்தோடு ஒப்பிட்டு, பெடியனிடமும் பொறுப்பாளரிடமும் வாக்குமூலம் எழுதிக்கொண்டு, அன்றைய படப்பிடிப்பை மாலை 4.30வரை நிறுத்தச் சொன்னார்.

ஆச்சிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. ஆசுபத்திரியில் அவதானிப்பில் வைத்துவிட்டு மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் இயக்குநரும் பெடியனும் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் அவர்களை ஏசவில்லை. "உந்த உருவத்தை நான் முந்தியும் கண்டனான், தம்பி. எங்கட வீட்டுக்குள்ளையே கண்டனான்" என்றார். அதற்குமேல் சொல்லவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை.

வலிகாமம் வடக்கின் பல கிராமங்கள் நீண்டகாலம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து, போர் முடிந்த பிறகே கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டவை. திரும்பி வந்து குடியிருப்பவர்களுக்கு ஒழுங்கையில் நிற்கும் கைத்துப்பாக்கி படப்பொருளாகத் தெரியாது. பார்ப்பவரை அஞ்சவைக்கும் என்பதற்காகவே இந்த வடிவம் தெரிவு செய்யப்பட்டது. அந்த அச்சம் திரைக்கு வெளியிலும் வேலைசெய்யும் என்பதைத் தெரிவு செய்த அன்றே கணக்கில் எடுத்திருக்கவேண்டும். வெப்லி சுழலியாக இருந்திருந்தால் ஆச்சி அப்படி இருந்துவிட்டிருப்பாரா என்பது நியாயமான கேள்வி.

பெடியன் எடுத்த படங்கள் அவன் முன்னிலையிலேயே அழிக்கப்பட்டன. அவன் வேலையிலிருந்து நிறுத்தப்படவில்லை. மேசையில் திறந்து கிடந்த பொருளுக்குப் பொறுப்பு அவனைவிட மூத்தவர்களுடையது.

தொகுப்பில் தெரிந்தவை

முதல் வெட்டை மச்சானுக்கு அனுப்பியபோது மூன்று பிழைகளைச் சொன்னார்.

சுட்ட பிறகு அதிகாரி துப்பாக்கியை மேசையில் வைக்கிறார். அங்கே வைக்கப்பட்டது சுத்தியல் விழுந்த மாதிரி. 1911 சுட்டவுடன் ஸ்லைட் பின்னால் போய்ச் சுத்தியலை மறுபடி இழுத்து வைத்துவிடும், ஆகவே அது பின்னால் நிற்கவேண்டும். அந்த ஒரு காட்சி மறுபடி எடுக்கப்பட்டது. அதற்கு முன் உறைக்குள் இருந்த காட்சியில் சுத்தியல் விழுந்திருந்தது சரி: குழலறையில் ரவையில்லாமல் உறையில் வைப்பதே அன்றைய படைகளின் பொது வழக்கம்.

இரண்டாவது, அதே விழுந்த மாதிரியில் பாதுகாப்பு நெம்பு மேலே தள்ளிய நிலையில் ஒட்டப்பட்டிருந்தது. சுத்தியல் விழுந்திருக்கும்போது இந்தத் துப்பாக்கியில் அந்த நெம்பு மேலே போகவே போகாது. அலுமினியத் துண்டைக் கழற்றி, கீழிறக்கி ஒட்டினார்கள். அண்மைக் காட்சி ஒன்றில் மட்டும் பிழை அப்படியே நிற்கிறது. திருத்த வசதி இருக்கவில்லை.

மூன்றாவது, சத்தம். தொகுப்பாளர் இட்டிருந்தது நீண்ட துப்பாக்கியின் வெடி, அதில் சாட்டையடிபோன்ற கூர்மையான ஒலி இருந்தது. அந்த ஒலி குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சும்போது வருவது. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர், இந்தக் குண்டு 250. ஆகவே கனத்த ஒற்றை வெடியோசை மட்டும் வரவேண்டும், அதன்பின் நாற்சார் முற்றத்தில் சுவர்பட்டுத் திரும்பும் எதிரொலி. மாற்றியதும் காட்சி இன்னும் பயங்கரமாயிற்று. குழல்வாய்ச் சுடர் ஒரேயொரு திரைச்சட்டகத்தில் மட்டும் இடப்பட்டது.

அடுத்தமுறை மாற்றவேண்டியவை

பொறுப்பாளருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது. இதுதான் முதலாவது. காட்சி முடிந்ததென்ற சொல் கேட்டவுடன் மாதிரி நடிகரின் கையிலிருந்து நேரே பெட்டிக்குப் போகவேண்டும், மேசைக்குப் போகக்கூடாது. பெட்டி பூட்டிய பிறகே இடைவேளை.

மாதிரி வளவின் எல்லையைத் தாண்டுவதில்லை. பின்படலைக்குப் பூட்டு.

சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். கடிதம் போதாது, விதானையார் சொல்லுவார் என்று விடவும் கூடாது. போகும்போது மாதிரியைக் கொண்டுபோகவும் வேண்டாம், படம் காட்டவும் வேண்டாம். "இந்த நாளில், இந்த நேரத்தில், மரத்தால் செய்த துப்பாக்கி ஒன்றை வைத்து உள்ளே படம் எடுக்கிறோம், சத்தம் வராது" என்ற அளவு போதும். முதியவர் இருக்கும் வீட்டில் அவரிடமே சொல்லவேண்டும், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வரக்கூடாது. நான்காம் நாள் காலையில் பதினான்கு வீடுகளுக்கு இப்படிப் போக ஒன்றரை மணிநேரம்தான் பிடித்தது.

மாதிரியைச் செதுக்குமுன்பே துப்பாக்கி அறிந்தவரை அழைக்கவேண்டும். முதல் மாதிரியின் நான்கு பிழைகளில் இரண்டும், தொகுப்பில் வந்த மூன்றும், ஒரு மணிநேரம் முன்கூட்டிப் பேசியிருந்தால் வந்திரா. காட்சிக்குக் காட்சி சுத்தியல், நெம்பு, ஸ்லைட் மூன்றும் எந்த நிலையில் என்று ஓர் அட்டவணை எழுதி, தொடர்ச்சி பார்ப்பவரிடம் கொடுக்கவேண்டும்.

அசையும் சுத்தியலுள்ள ஒரே மாதிரி செய்யலாமே என்று கேட்கப்பட்டது. வேண்டாம். அசையும் பாகம் கூடக்கூட எடுத்துப் பார்க்கும் பொலிஸ்காரருக்கு ஐயமும் கூடும்.

மாதிரிகள் இப்போது

படம் முடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டது. சுத்தியல் விழுந்த மாதிரியும் பின்னால் நின்ற மாதிரியும் குழல்முனைக்குச் சிவப்புப் பூச்சோடு, கடிதப் பிரதிகளோடு அதே பெட்டியில் பூட்டப்பட்டுத் தயாரிப்பாளரின் வீட்டில் இருக்கின்றன. வாடகைக்குக் கேட்ட இரண்டு குழுக்களுக்குக் கொடுக்கப்படவில்லை. முறிந்த முதல் மாதிரியைத் தச்சர் விசைக்காப்பின் குறுக்கே வாளால் அறுத்து அடுப்புக்கு இட்டார். பாவிக்காமல் மிஞ்சிய ஈயக்குண்டுகள் குருநகருக்கே திரும்பிப் போய் வலையில் ஏறிவிட்டன.